கொட்டும் மழையில் ஸ்பிரின்ட் பந்தயம்: கழகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு நிர்வாகிகளுக்கும், சென்னையிலும் கோவையிலும் பந்தயங்களை நடத்தும் கழகங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பந்தயப் பாதையோரம் கொடியுடன் நிற்கும் தன்னார்வ மார்ஷல்களில் ஒருவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். கனமழையில் அமெச்சூர் ஓட்டுநர்களின், சில சுற்றுகளே ஓடும் ஸ்பிரின்ட் பந்தயத்தைத் தொடங்கலாமா, தொடரலாமா, நிறுத்த வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோலைப் பந்தய நாளன்று கட்டுப்பாட்டு அறையில் தேடிக்கொண்டிராமல், பருவம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு போட்டியின் துணை விதிகளிலும் எழுதி வெளியிடுங்கள். அந்த அளவுகோல், பாதையில் தேங்கி நிற்கும் நீரையும், முன்னே போகும் காரின் நீர்த்திவலைக்குள் ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டும் தூரத்தையும் அடிப்படையாகக் கொண்டதாக இருக்கட்டும். அவ்விரண்டையும் அருகிலிருந்து பார்க்கிற மார்ஷலின் சொல்லுக்கு அதில் எழுத்துபூர்வமான இடம் இருக்கட்டும்.

இந்தக் கோரிக்கைக்கு நம் ஊரின் வானிலையே முதல் காரணம். நாட்டின் பந்தய நாட்காட்டி பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கி இறுதிவரை நீள்கிறது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அதற்கு முந்தைய மாதங்களிலோ, பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டு மாலையில் இடியுடன் கொட்டும் மழை வழக்கமானது. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.717 கி.மீ. பாதை ஏரிகள் சூழ்ந்த, சரிவு குறைந்த சமவெளியில் அமைந்திருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றின் தடத்தில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னையின் தெருப் பந்தயம் தள்ளிப்போனதையும், 2024 ஆகஸ்ட் இறுதியில் அது நடந்தபோது முதல் நாளே மழையால் பாதைக்கான ஒப்புதல் தாமதமானதையும் நாம் அனைவரும் பார்த்தோம். ஆகவே மழையை எதிர்பாராத இடையூறாகக் கருத நமக்கு நியாயமில்லை.

மழையில் பந்தயமே கூடாது என்று நான் சொல்லவில்லை என்பதை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். ஈரப் பாதையில் ஓட்டுவது இந்த விளையாட்டின் மிக நுட்பமான பகுதிகளில் ஒன்று. வெயில் நாளில் பிடிமானம் தரும் பந்தயத் தடம், அதில் படிந்த ரப்பரும் எண்ணெயும் முதல் தூறலில் நனைந்தவுடன் வழுக்குத் தடமாகிவிடுகிறது. வளைவின் வெளிப்புறத்தில், வெயிலில் யாரும் போகாத கரடான தார்ப்பரப்பில்தான் அப்போது பிடிப்பு கிடைக்கிறது. ஓரக் கட்டைகளும் வெள்ளைக் கோடுகளும் தொடக்கூடாதவையாகிவிடுகின்றன. இவற்றை உணர்ந்து, பிரேக்கை முன்கூட்டியே மெல்ல அழுத்தி, ஸ்டீயரிங்கைப் பதறாமல் திருப்பி ஒரு கல்லூரி மாணவர், தன்னைவிட வேகமான காரில் வந்தவரை முந்திச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாய்ப்பை அவரிடமிருந்து பறிக்கும்படி கேட்க எனக்கு மனம் வராது.

ஆனால் மழை தரும் ஆபத்து ஒரே வகையானதல்ல. இந்த மடலின் வாதமெல்லாம் அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. பிடிப்புக் குறைவது ஓட்டுநரின் கைக்குள் உள்ள விஷயம். அவர் வேகத்தைக் குறைத்து அதை ஈடுசெய்துகொள்ள முடியும். நீர் தேங்கும்போது நிலைமை மாறுகிறது. 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து நடத்திய சோதனைகளிலிருந்து கிடைத்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு: டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், போதிய ஆழமுள்ள நீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 36 பி.எஸ்.ஐ. என்றால் 54 நாட், அதாவது மணிக்கு 100 கி.மீ.; 25 பி.எஸ்.ஐ. என்றால் 45 நாட், மணிக்கு ஏறத்தாழ 83 கி.மீ. பள்ளங்கள் தேய்ந்துபோன டயருக்கு இதற்குச் சில மில்லிமீட்டர் ஆழமே போதும். காரின் எடை, டயரின் அகலம், பள்ளங்களின் ஆழம் ஆகியவற்றைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும் என்றாலும் அது உணர்த்தும் உண்மை மாறாது: நேர்பாதையில் நம் தொடக்கநிலைப் பந்தயக் கார்கள்கூட எட்டிவிடும் வேகத்தில், முந்தைய சுற்றில் இல்லாத ஒரு நீர்த்தேக்கம் காரை முழுவதுமாகத் தரையிலிருந்து பிரித்துவிட முடியும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் எதற்கும் பயன்படாது; திறமைக்கும் அங்கே வேலையில்லை.

மூன்றாவதும், என் பார்வையில் மிகக் கொடியதுமான ஆபத்து, கண் மறைந்துபோவது. மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் ஒரு கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 42 மீட்டர் கடக்கிறது. முன்னால் போகும் கார்கள் எழுப்பும் நீர்த்திவலையில் பார்வை 50 மீட்டருக்குக் குறுகிவிட்டால், எதிரே குறுக்காக நிற்கும் வாகனத்தைக் கண்டு, புரிந்து, பிரேக்கை அழுத்த ஓட்டுநருக்குக் கிடைப்பது 1.2 நொடி மட்டுமே. வறண்ட பாதையிலேயே அதற்குள் நிறுத்த முடியாது. முதல் வரிசையில் இருப்பவருக்குப் பாதை தெளிவாகத் தெரியும். பத்தாவது இடத்தில் இருப்பவர், முன்னே செல்லும் காரின் சிவப்பு விளக்கு ஒன்றை மட்டும் நம்பி ஓட்டுகிறார். கூரையுள்ள கார்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: எடையைக் குறைக்க ஹீட்டரைக் கழற்றிவிட்ட கார்களில், ஓட்டுநரின் மூச்சே முன்கண்ணாடியின் உட்புறம் படிந்து மறைக்கிறது. முன்னால் ஓடுகிறவர் வானொலியில் "ஓட்டலாம்" என்று சொல்வதை வைத்து முடிவெடுப்பது, கூட்டத்தின் நடுவில் இருப்பவரின் நிலையை அறியாமல் எடுக்கும் முடிவாகிவிடும். நீர்த்திவலையைக் குறைக்க, சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. 2023-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பாதையில் ஃபார்முலா ஒன் கார்களில் சக்கர மூடிகளைச் சோதித்துப் பார்த்தது. இன்னும் நம்பத்தகுந்த தீர்வு கிடைத்தபாடில்லை. உலகின் மிகச் செழிப்பான போட்டிக்கே தீர்வு கிடைக்காத ஒன்றை, நுழைவுக் கட்டணத்துக்குச் சேமித்துவைத்து வரும் அமெச்சூர் ஓட்டுநரின் காரில் நாம் எதிர்பார்க்க முடியாது.

ஸ்பிரின்ட் என்ற வடிவமே இந்த ஆபத்துகளைக் கூட்டுகிறது. நெடுந்தூரப் பந்தயத்தில் மழை வந்தால் பிட்டுக்குள் நுழைந்து டயரை மாற்றலாம். இழந்த நேரத்தை ஈட்டிக்கொள்ள மணிக்கணக்கில் வாய்ப்பிருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் எட்டுச் சுற்றுப் பந்தயம் என்று வைத்துக்கொண்டால் மொத்தத் தூரம் 30 கி.மீ.கூட இல்லை. கிரிட் எனும் தொடக்க வரிசையில் எந்த டயருடன் நிற்கிறாரோ அதே டயருடன்தான் ஓட்டுநர் முடிக்க வேண்டும். நடுவில் உள்ளே வருபவருக்குப் பந்தயம் முடிந்துவிட்டது என்று பொருள். அதனால் வானம் கருத்திருந்தாலும் சூதாட வேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்படுகிறது. ஆபத்து நேரத்தில் முன்னே சென்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் சேஃப்டி காரின் பின்னால் மூன்று சுற்றுகள் போனால் எஞ்சுவது ஐந்து. அந்த ஐந்திலாவது ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற தவிப்பு ஓட்டுநருக்கும் வருகிறது, அடுத்த பிரிவின் கார்கள் காத்திருக்கும் நிலையில் நேர அட்டவணையைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு அலுவலர்களுக்கும் வருகிறது. இரண்டு தவிப்பும் ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன. எழுதப்பட்ட அளவுகோல் ஒன்று தேவை என்று நான் மன்றாடுவது இதனால்தான்; அது இல்லாதபோது அந்தச் சில நிமிடங்களில் முடிவெடுக்கும் மனிதர்மேல் நாம் தாங்க முடியாத சுமையை ஏற்றிவிடுகிறோம்.

உலகப் பந்தய வரலாற்றில் இதற்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2014 அக்டோபர் 5 அன்று ஜப்பானின் சுசூகாவில், புயல் நெருங்கிக்கொண்டிருந்த மழையில், முந்தைய சுற்றில் தடம் விலகிய காரை மீட்டுக்கொண்டிருந்த இயந்திரத்தின்மேல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜூல் பியாங்கியின் கார் மோதியது. வேகத்தைக் குறைத்து நிற்கவும் தயாராக இருக்கும்படி எச்சரிக்கும் இரட்டை மஞ்சள் கொடி அங்கே அசைக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. 2015 ஜூலையில் அவர் மறைந்தார். அதை ஆராய்ந்த எஃப்.ஐ.ஏ. குழு, விபத்து நடந்த வளைவில் பாதைக்குள் வழிந்த நீர் ஓட்டத் தடத்தைத் திடீரெனக் குறுகச் செய்திருந்ததைச் சுட்டிக்காட்டியது. பகலொளி மங்குவதற்கு நான்கு மணி நேரம் முன்பாவது பந்தயம் தொடங்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நவம்பரில் சென்னையில் சூரியன் மாலை 5.40 மணியளவில் மறைகிறது என்பதையும், நம் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாளின் கடைசிப் பந்தயத்தை எத்தனை மணிக்கு வைக்கிறோம் என்பதே ஒரு பாதுகாப்பு முடிவு என்பது விளங்கும்.

2023 ஜூலை 1 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமான பாடம், ஏனெனில் அது இளையோருக்கான ஸ்பிரின்ட் வகைப் பந்தயம். சேஃப்டி கார் விலகி, கடைசிச் சுற்றுக்காகப் பந்தயம் மீண்டும் தொடங்கியது. நேர்பாதையில் எழுந்த நீர்த்திவலைக்குள் கார்கள் ஒன்றோடொன்று மோதின. 18 வயது டிலானோ வான் ட் ஹோஃப் உயிரிழந்தார். ஒரே ஒரு சுற்றுக்காக அந்த மழையில் பச்சைக் கொடி அசைக்க வேண்டுமா என்ற கேள்வி அன்று முதல் எனக்குள் இருக்கிறது. நம் துணை விதிகளில் இதற்கு இன்றே விடை எழுதிவிடலாம்: ஈரப் பந்தயமாக அறிவிக்கப்பட்ட ஒன்றில், சேஃப்டி கார் உள்ளே வரும்போது மிச்சமிருப்பது இரண்டு சுற்றுகளோ அதற்குக் குறைவோ என்றால், பந்தயம் மீண்டும் தொடங்காது, அதுவரையிலான வரிசையே முடிவாகும். இதனால் சிலருக்கு ஓரிரு இடம் கைநழுவும். அதைவிட வேறு இழப்பு யாருக்கும் இருக்காது.

இப்போது அளவுகோலுக்கு வருகிறேன். எஃப்.ஐ.ஏ. வகுத்துள்ள நெறிப்படி, அடுத்தடுத்த மார்ஷல் நிலைகள் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும்படி அமைய வேண்டும்; அவற்றுக்கிடையே 500 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இந்த ஏற்பாடே நமக்கு ஒரு மழைக்கருவியாகப் பயன்படும். கார்களின் கூட்டம் கடக்கும்போது, என் நிலையிலிருந்து அடுத்த நிலையின் கொடி எனக்குத் தெரிகிறதா? கூட்டத்தின் கடைசிக் கார் கடக்கும்வரை அது தெரியாமலே இருந்தால், அந்தப் பகுதியில் பின்வரிசை ஓட்டுநருக்கும் மஞ்சள் கொடி தெரியப்போவதில்லை. அடுத்தடுத்துள்ள இரு நிலைகள் இதைக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்தால், களத்தில் சி.ஓ.சி. என்று நாம் அழைக்கும் பந்தயத் தலைமை அலுவலர் மேற்கொண்டு யாரையும் கலந்தாலோசிக்காமல் பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி காட்டுவார் என்று விதியில் எழுதுங்கள். சிவப்புக் கொடிக்கான அதிகாரம் அவருடையதுதான், அதில் மாற்றம் வேண்டியதில்லை. எந்தச் சூழலில் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பதுதான் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும்.

நீர்த்தேக்கத்துக்கும் இதே முறையில் வழி காணலாம். ஒவ்வொரு பாதையிலும் நீர் எங்கே தேங்கும், எங்கே குறுக்கே ஓடும் என்பது அங்கே பல பருவங்களாக நிற்கும் மார்ஷல்களுக்கும் பாதைப் பணியாளர்களுக்கும் அத்துப்படி. அந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, ஓட்டுநர் கூட்டத்தில் கையில் கொடுங்கள். பந்தயம் தொடங்கும் முன் சேஃப்டி கார் ஒரு முழுச் சுற்று வரும்போது, பந்தயத் தடத்தின் முழு அகலத்தையும் நீர் மூடியிருக்கும் இடம் ஒன்று இருந்தாலும் தொடக்கம் தள்ளிப்போகட்டும். பாதி அகலம் மூடியிருந்தால், மஞ்சளில் சிவப்புப் பட்டையிட்ட வழுக்குக் கொடி அங்கே நிலையாகக் காட்டப்படட்டும். இருசக்கர வாகனப் பந்தயங்களில் மழைத்துளி விழுவதை அறிவிக்க வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறியிட்ட கொடி ஏற்கெனவே உண்டு. அதை முதல் துளியிலேயே காட்டுவதில் நம்மில் பலருக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கம் பயிற்சியால் போகக்கூடியது.

உலர் டயரில் தொடங்கிய பந்தயத்தின் நடுவில் மழை வந்தால் என்ன செய்வது என்பதற்கு, ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பார்ப்பதைவிட மோட்டோ 3 போன்ற இளநிலை இருசக்கர வாகனப் பந்தயங்களைப் பார்ப்பது நமக்குப் பொருத்தமாக இருக்கும். பந்தயத்தின் நடுவே மழைக்கேற்ற வண்டிக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே முதன்மைப் பிரிவுக்கு மட்டும்தான் உண்டு. கீழ்ப்பிரிவுகளில் வானிலை மாறினால் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தி, டயர் மாற்ற நேரம் கொடுத்து, சுற்றுகளைக் குறைத்து மீண்டும் தொடங்குகிறார்கள். இரண்டாம் தொகுதி டயர் வாங்க வசதியில்லாதவர்கள் நம்மிடையே பலர் என்பதால், ஒரே டயர் விதியுள்ள பிரிவுகளில் அந்த டயருக்குக் குறைந்தபட்சப் பள்ள ஆழம் இவ்வளவு என்று நிர்ணயித்து, மழை நாளில் கிரிட்டுக்குப் போகும் முன்பே அளந்து பார்க்கும் வழக்கமும் வேண்டும்.

பின்பக்க மழைவிளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது எரியாத கார் ஈரப் பந்தயத்தில் தொடங்கக் கூடாது. நடுவில் அணைந்துபோனால், கறுப்பில் ஆரஞ்சு வட்டமிட்ட கொடி காட்டி உள்ளே அழைக்க வேண்டும்.

மருத்துவ வழியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் பாதைக்கு வெளியே நடப்பதை நாம் மறந்துவிடுகிறோம். 2020-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் பாதை ஓட்டத்தக்கதாக இருந்தும், மூடுபனியால் மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியாததால் ஃபார்முலா ஒன் பந்தயத்தின் வெள்ளிக்கிழமைப் பயிற்சி முழுவதும் கைவிடப்பட்டது. நமக்கு ஆம்புலன்ஸ் போகும் சாலையே உயிர்நாடி. கனமழை பெய்யும் மாலையில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் போக்குவரத்து எப்படி நின்றுபோகும் என்பது அந்தப் பக்கம் வசிக்கிற எவருக்கும் தெரியும். குறிப்பிட்ட மருத்துவமனைக்கு வரையறுத்த நேரத்துக்குள் போய்ச்சேர முடியும் என்பதை ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் தலைமை மருத்துவர் உறுதிசெய்து கையொப்பமிட்டால்தான் பச்சைக் கொடி என்று இருக்கட்டும். இடி மின்னல் நெருங்கினால் மார்ஷல்களை நிலைகளிலிருந்து விலக்குவதையும் இதனுடன் எழுதிவிடுங்கள். திறந்த வெளியில், வேலிக் கம்பியின் அருகில், உயரக் கொடியுடன் நிற்பவர்கள் அவர்கள். மார்ஷல் இல்லாத பாதையில் பந்தயம் இருக்க முடியாது.

மழைப் பந்தயத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால், மழையில் ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். இன்று ஒரு புதிய ஓட்டுநர் உரிமம் பெறும்போது அவர் பயிற்சி பெற்ற நாள் வெயில் நாளாக இருந்திருந்தால், அவருடைய வாழ்வின் முதல் ஈரச் சுற்று ஒரு பந்தயத்தின் முதல் சுற்றாகவே அமைந்துவிடக்கூடும். பயிற்சி நாளில் இரண்டொரு வளைவுகளைத் தண்ணீர் லாரி கொண்டு நனைத்து, ஸ்பின் ஆனால் என்ன செய்வது, ஈரத் தடம் எங்கே இருக்கிறது, திவலைக்குள் முன்காரிலிருந்து சற்று விலகிப் பக்கவாட்டில் ஓடுவது எப்படி என்பதைக் கற்பிப்பது பெரிய செலவில்லை. அதேபோல, மழை நாளின் காலையில் தகுதிச்சுற்றுக்கு முன் பத்து நிமிட ஈரப் பயிற்சியை அட்டவணையிலேயே வைத்துவிடுங்கள். அதற்கு இடம் கிடைக்க ஒரு பிரிவின் பந்தயத்தில் இரண்டு சுற்றுகளைக் குறைக்க நேர்ந்தாலும் ஓட்டுநர்கள் அதை ஏற்பார்கள் என்றே நம்புகிறேன்.

விலகும் உரிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1976-இல் ஜப்பானின் ஃபூஜியில் கொட்டிய மழையில், உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், நிக்கி லௌடா இரண்டு சுற்றுகளுக்குப் பின் காரை நிறுத்தி இறங்கினார். ஒரே ஒரு புள்ளியில் பட்டம் ஜேம்ஸ் ஹன்டுக்குப் போனது. லௌடாவைக் கோழை என்று சொன்னவர்களை வரலாறு நினைவில் வைத்திருக்கவில்லை. ஸ்பாவில் 1966-இல் மழையில் தடம் விலகி, வழிந்த எரிபொருளுக்கு நடுவே காருக்குள் சிக்கிக் கிடந்த ஜாக்கி ஸ்டூவர்ட், அதன் பின் ஆண்டுக்கணக்காகப் பாதுகாப்புக்காகப் போராடினார். அதே மனிதர்தான் 1968-இல் நூர்பர்க்ரிங்கின் மழையிலும் மூடுபனியிலும் நான்கு நிமிடத்துக்கும் மேற்பட்ட இடைவெளியில் வென்றார். பாதுகாப்பைக் கேட்பவர் மழைக்கு அஞ்சியவர் என்ற எண்ணம் நம் பிட் வளாகங்களிலும் அவ்வப்போது தலைகாட்டுவதால் இதை எழுதுகிறேன். ஈரப் பந்தயமாக அறிவிக்கப்பட்டபின் கிரிட்டுக்குப் போகாமல் விலகும் ஓட்டுநருக்கு, நுழைவுக் கட்டணத்தின் ஒரு பகுதி அடுத்த கட்டப் போட்டிக்கு வரவு வைக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்தால், பணத்துக்காக மட்டும் மனமில்லாமல் ஓட்டும் நிலை குறையும். பந்தயம் கைவிடப்பட்டால் புள்ளிகள் எப்படி என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்பாவில் 2021-இல் சேஃப்டி காரின் பின்னால் மட்டும் நடந்த சில சுற்றுகளுக்குப் பாதிப் புள்ளிகள் வழங்கப்பட்டு எழுந்த கசப்புக்குப் பிறகுதான், சேஃப்டி கார் இல்லாமல் குறைந்தது இரண்டு சுற்றுகளாவது ஓடாவிட்டால் புள்ளியே இல்லை என்று ஃபார்முலா ஒன் தன் விதியை மாற்றிக்கொண்டது. நாமும் அந்தக் கசப்பை அனுபவித்துத்தான் கற்க வேண்டும் என்பதில்லை. கைவிடப்பட்ட பந்தயத்தை அடுத்த கட்டப் போட்டியில் கூடுதல் பந்தயமாக நடத்தலாம், அதுவும் முடியாதபோது புள்ளி இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கருவியோ பெருந்தொகையோ தேவையில்லை. நீர் தேங்கும் இடங்களின் வரைபடத்தை வரைய ஒவ்வொரு பாதையின் மார்ஷல்களும் உங்களுக்கு உதவுவார்கள். நானும் அதில் என் பங்கைச் செய்வேன். அடுத்த பருவத்தின் துணை விதிகள் அச்சாகும் முன், ஓட்டுநர்கள், மார்ஷல்கள், மருத்துவர்கள், சி.ஓ.சி.க்கள் ஆகியோர் ஒன்றாக அமரும் ஒரு நாள் கூட்டத்தைச் சென்னையிலோ கோவையிலோ கூட்டி, இந்த மழை விதிகளின் வரைவை அங்கே வைத்து விவாதிக்கும்படி உங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாதையோர மார்ஷல் ஒருவர்